பாதி இறங்கிய ஷட்டர்

வயிற்றில் தையல் போட்டவன் சிரிக்கக் கூடாது. இருமாதே, தும்மாதே, பாரம் தூக்காதே என்று டாக்டரம்மா அடுக்கியபோதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்கவும் கூடாது என்றபோதுதான் எனக்கு வந்தது எவ்வளவு பெரிய நோய் என்று உறைத்தது. என் பிழைப்பே சிரிப்புதான். யாங்கூன் பபேடானில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் ஸ்பீக்கர் பெட்டியோடு நானும் போய் இறங்குவேன். பெட்டிக்குத்தான் வாடகை, என் வாய் இலவசம். இலவசமாகக் கிடைப்பதற்கு என்ன மரியாதை உண்டோ அந்த மரியாதை எனக்கு ஊரில் உண்டு.

இப்போது பசுந்தாங்கில் நாலாவது மாடி வீட்டில், வயிற்றின் மேல் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நோய்விட்டு எழுந்தவன் நோய்க்கதை சொல்வது உலக வழக்கம். எனக்கு அதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது. என் கடைப்பக்கம் இருக்கும் கிளினிக்கைப் பற்றி எங்கள் தெருக்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு விஷயம் தப்பாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. அந்தத் தப்பில் ஒரு உயிர் போகப் பார்த்தது. என்னுடையது என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் அக்கறை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அறுபதாம் கல்யாணம் ஒன்றில் மைக் பிடித்திருந்தேன். மாப்பிள்ளை மறுபடி ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டிருக்கும்போதே தொப்புளைச் சுற்றி ஒரு பிசைவு. காலையில் தெருமுனையில் குடித்த மொஹிங்காவின் மேல் பழியைப் போட்டேன். மீன்குழம்பில் நூடுல்ஸைப் போட்டுக் குடிக்கிற ஊர் இது. வயிற்றில் என்ன நடந்தாலும் மொஹிங்காதான் முதல் குற்றவாளி. பந்தியில் உட்கார்ந்தேன், சாப்பாடு இறங்கவில்லை. பாயசத்தைப் பார்த்துக் குமட்டியது. பாயசத்தைப் பார்த்து எனக்குக் குமட்டினால் அது வெறும் வாயு இல்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றி வாடகைக்கு இருந்த வலி, சாயங்காலத்துக்குள் வலது அடிவயிற்றில் சொந்த வீடு கட்டிக் குடியேறிவிட்டது. கடைக்குத் திரும்பினேன். பக்கத்துக் கடையில் குடை ரிப்பேர் செய்யும் காதர் பாய் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“என்னய்யா முத்து, மூஞ்சி சுட்ட கத்திரிக்கா மாதிரி இருக்கு?”

“வாயு, பாய்.”

“வாயு வாய் வழியா வர்ற ஆளுக்கு வயித்துல ஏன் வருது? போய் சயாமாகிட்ட காட்டிட்டு வா.”

சயாமா என்றால் டாக்டரம்மா. பெயர் லேயா. அப்பா வழியில் பாக்தாத் யூதர், அம்மா வழியில் மலைப்பக்கத்துக் கரேன் இனம். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, யாரையும் நம்பாத கண். எங்கள் தெருக்களில் வளர்ந்த தமிழ் பேசுவார். அதில் திட்டுகிற சொற்கள் மட்டும் சுத்தமாக இருக்கும். அவருடைய கிளினிக் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம்.

போனேன். அதாவது எதிர்ப்பக்க நடைபாதை வரை போனேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கிளினிக்கின் ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. உள்ளே ஒரு விளக்கு தெரிந்தது. நின்றேன், பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்றால் அதைச் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்தில் பாக்தாத்திலிருந்தும் பஸ்ராவிலிருந்தும் கல்கத்தா வழியாக யூதர்கள் இந்த ஊருக்குக் கப்பலேறி வந்தார்கள். முதலில் வந்தவர்கள் தேக்கிலும் அரிசியிலும் சம்பாதித்துப் பெரிய வீடு கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் வெறும் கையோடு வந்தார்கள்: மூட்டை சுமந்து துணி விற்பவர்கள், குமாஸ்தா வேலை தேடுபவர்கள், புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு இறங்கிய பெண்கள். இந்த மழையும் கொசுவும் அவர்களுக்குப் புதிது. கப்பலிலிருந்து இறங்கிய கையோடு காய்ச்சலில் படுப்பார்கள். ஊர் மொழி தெரியாது, பெரிய ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவர்கள் சமய முறைக்கு ஒத்துவராது. அவர்களுக்காகத்தான் வசதியுள்ள யூதர்கள் சேர்ந்து பபேடானில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இந்தக் கிளினிக்கைத் திறந்தார்கள். நாலைந்து இரும்புக் கட்டில், ஒரு சமையலறை, சொந்த பாஷையில் “எங்கே வலிக்கிறது” என்று கேட்க ஒரு டாக்டர்.

பிறகு ஜப்பான்காரன் போர் வந்தது. நம் ஆட்கள் நடந்தே இந்தியாவுக்குப் போன அதே பாதையில் அவர்களும் போனார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம், வந்தும் தங்காதவர்கள் நிறைய. நோயாளிகளுக்காக நடந்த கிளினிக்கில் அந்த நோயாளிகள் தீர்ந்துபோனார்கள். அதற்காகக் கட்டில் காலியாக இருக்குமா? துறைமுகத்துத் தமிழர், கடைத்தெரு முஸ்லிம், பசுந்தாங் பர்மியர் என்று யார் யாரோ வந்து படுத்தார்கள். சொந்த சனம் போன பிறகும் லேயா சயாமாவின் குடும்பம் கதவைச் சாத்தவில்லை.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் அப்படியே நின்றது. வெள்ளி பொழுது சாயும்போது ஷட்டர் பாதி இறங்கும். சனி இருட்டிய பிறகுதான் ஏறும். அது அவர்களுடைய ஓய்வு நாள். அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள், விளக்கேற்ற மாட்டார்கள், எழுத மாட்டார்கள், காசைத் தொட மாட்டார்கள். இது எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் சனிக்கிழமை அந்த வீடுகளுக்குப் போய் அடுப்பு மூட்டிக் கொடுத்தவர்களே எங்கள் ஆட்கள்தான். “அந்த வீட்டுல சனிக்கிழமைன்னா ஒரு தீக்குச்சியக்கூடக் கிழிக்க மாட்டாங்க” என்று அவர்கள் வந்து சொன்னது தெரு முழுக்கப் பரவி, தீக்குச்சியே கிழிக்காதவர்கள் எப்படி ஊசி போடுவார்கள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். போதாததற்கு நமக்கும் சனிக்கிழமை வைத்தியம் தொடங்குவது ஆகாத காரியம். இரண்டு சாமியும் ஒரே நாளில் விடுமுறை எடுத்தால் கேள்வி ஏது? பபேடான் தமிழனுக்கு வெள்ளி இரவு நோய் வந்தால் ஞாயிறு வரை பொறுத்துக்கொள்வான். சனிக்கிழமை நோவு ஞாயிற்றுக்கிழமை கிளினிக் என்று எங்களுக்குள் ஒரு பேச்சே உண்டு.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இறங்கிய ஷட்டரைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஊசி என்றால் எனக்குக் கால் கூசும். எனக்கு வேண்டியிருந்தது ஒரு சாக்கு. பாதி ஷட்டர் முழுச் சாக்காகக் கிடைத்தது.

வீட்டில் சந்தா காத்திருந்தாள். என் மனைவி. பர்மாக்காரி, என்னைக் கட்டிக்கொண்டு தமிழையும் கட்டிக்கொண்டவள். பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ‘கோ’வும், வாக்கியத்தின் கடைசியில் ஒரு பர்மிய ‘நொ’வும் போடுவாள், அந்த ‘நொ’ நம் ‘சரியா’ மாதிரி. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கோ முத்து, ஆஸ்பத்திரி போலாம் நொ.”

“எதுக்கு? இது ஆம்பளைப் பிள்ளைன்னு நினைக்கிறேன். நல்லா உதைக்கிறான்.”

அவள் சிரித்துவிட்டாள். அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துபோகும் என்பது எங்கள் வீட்டில் பல வருஷமாக எனக்குக் கைவந்த வித்தை.

சனிக்கிழமை காலை வலி கூடியிருந்தது. வலது காலை நீட்ட முடியவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சனிக்கிழமை ஆயிற்றே. சூடு பிடித்துக்கொண்டது, நல்லெண்ணெய் வைத்தால் தணியும் என்று உச்சி முதல் தொப்புள் வரை வழித்துக்கொண்டு, மேலே வெந்நீரை ஊற்றி, பிறகு வலிக்கிற இடத்தில் வெந்நீர்ப் பையையும் வைத்துப் படுத்தேன். இந்தப் பகுதியைப் பின்னால் கேட்டபோது சயாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஒரு அதிசயம் நடந்தது. வலி சட்டென்று நின்றது. குழாயை மூடினாற்போல். எழுந்து உட்கார்ந்தேன், காலை நீட்டினேன், நீண்டது. கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, நல்லெண்ணெய் நாலு ஓட்டம் வித்தியாசத்தில் வெற்றி பெற்றதாக அறிவித்தேன். ரசஞ்சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சந்தாவும் மூச்சு விட்டாள்.

அந்த வெற்றி என்னவென்று இப்போது தெரியும். பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் சுண்டுவிரல் போல ஒரு வால் தொங்குகிறது. குடல்வால். அது அடைபட்டு வீங்கினால் வலி. வீங்கி வீங்கி வெடித்தால், உள்ளே இருந்த அழுத்தம் போய்விடும். அதனால் வலியும் கொஞ்ச நேரம் போய்விடும். ஆனால் அதற்குள் இருந்த சீழும் அழுக்கும் வயிறு முழுக்கக் கசியத் தொடங்கியிருக்கும். ஆக நான் ரசஞ்சாதம் சாப்பிட்டுக் கொண்டாடியது என் குடல்வால் வெடித்ததை.

வெயில் தாழ்வதற்குள் குளிர் வந்தது. பல் கிடுகிடுத்தது. வயிறு பலகை போல் இறுகி, சட்டை பட்டாலே உயிர் போனது. பயம் வந்தால் மனம் எனக்கு நேராக அறிவிப்புக்குப் போய்விடும். ‘அன்னாரின் இறுதி ஊர்வலம் பசுந்தாங்கிலிருந்து புறப்படும். ஒலிபெருக்கி உதவி: அன்னாரே’ என்று தலைக்குள் ஓடியது. அதைச் சொல்லிச் சந்தாவைச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பல் அடித்துக்கொண்டதில் ஒரு சொல்லும் வரவில்லை. அப்போதுதான் நிஜமாகப் பயந்தேன்.

சந்தா ஏற்கெனவே கீழே போய் ஆள் கூட்டிக்கொண்டிருந்தாள். மின்சாரம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு மாடியும் இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் நான் அம்மாவைக் கூப்பிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நெரிசல், டாக்ஸி நகரவில்லை.

“சயாமாகிட்ட போறோம்,” என்றாள் சந்தா.

“சனிக்கிழமை சந்தா. திறக்க மாட்டாங்க.”

“நான் தட்றேன். திறக்கலன்னா உடைக்கிறேன்.”

தட்ட வேண்டியிருக்கவில்லை. ஷட்டருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு தாழ் போடாமல் இருந்தது. சந்தா குனிந்து நுழைந்தாள். அவளுக்குப் பின்னால், டாக்ஸி டிக்கியில் வந்த அதே நாற்காலியில் என்னைச் சாய்த்து, கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் நுழைத்தார்கள். உள்ளே மேசை விளக்கருகே லேயா சயாமா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நர்ஸோடு, யாரையோ எதிர்பார்ப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

வயிற்றில் கையை வைத்து மெல்ல அழுத்தினார். அழுத்தியபோது வலித்தது. சட்டென்று கையை எடுத்தார். அப்போது வலித்ததுதான் வலி. உள்ளே சவ்வு முழுக்க ரணமாகிவிட்டால் அப்படித்தானாம்.

“எப்போ ஆரம்பிச்சது?”

“நேத்து காலையில,” என்றாள் சந்தா.

சயாமா என்னைப் பார்த்தார். “நேத்து பொழுது சாயறப்போ குனிஞ்சு பார்த்தேன், எதிர்ல நின்னீங்க. அங்க ஏதோ கடைக்கு வந்தீங்களோன்னு நினைச்சேன். ஏன் உள்ள வரல?”

“ஷட்டர் இறங்கியிருந்துச்சு சயாமா. உங்க நாளாச்சே.”

“பாதிதானே இறங்கியிருந்துச்சு. முழுசா இறக்க எங்களுக்குக் கை இல்லையா?”

அதோடு நர்ஸுக்குக் கைகாட்டினார். டிரிப் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்ததில் வெள்ளையணு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடம்புக்குள் போர் நடக்கிறது என்று அர்த்தம். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் தெரிந்தது. சந்தாவிடம் சயாமா பர்மியத்தில் மறைக்காமல் சொன்னார்: இன்றைக்கே திறந்து கழுவ வேண்டும், தாமதமாகிவிட்டது, இங்கிருந்து வேறிடம் கொண்டுபோகிற நேரமும் இல்லை. பழக்கமான சர்ஜனுக்குப் போன் போட்டிருந்தார். அவர் வந்து சேரும் வரை காத்திருந்ததுதான் என் வாழ்க்கையின் மிக நீளமான இடைவேளை.

அந்த அறையின் நிலைக்காலில் விரல் நீளத்துக்கு ஒரு உலோகக் கூடு சாய்வாக அடித்திருந்தது. அங்கே எல்லாக் கதவிலும் உண்டு. யாரோ அதற்குக் குங்குமம் வைத்திருந்தார்கள், யாரோ மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். சந்தா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இது எந்த சாமி சயாமா?” என்று கேட்டாள்.

“சாமி இல்ல. உள்ள எங்க வேத எழுத்து இருக்கு. தினமும் குங்குமத்தத் துடைக்கிறேன், தினமும் வைக்கிறாங்க.” கையுறையை இழுத்து மாட்டியபடி சொன்னார்: “நீ தொடு. யா பா தே.”

யா பா தே என்றால் பரவாயில்லை. அந்தச் சொல்லோடு ஜெனரேட்டர் உறுமியது. என்னை உள்ளே தள்ளினார்கள்.

கண் விழித்தபோது நான் ஆளாக இல்லை, ஒரு மைக் செட்டாக இருந்தேன். மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய், உள்ளே இருக்கும் சீழை வெளியேற்ற அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு வடிகுழாய், கீழே சிறுநீருக்கு ஒன்று, கையில் டிரிப். எல்லா ஒயரும் மாட்டியிருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த பெரியசாமி அண்ணன், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். வயிற்றைத் திறந்து மூடினால் குடல் பயந்துபோய் வேலைநிறுத்தம் செய்துவிடுமாம். அது மறுபடி அசைகிறது என்பதற்கு அடையாளம் வாயு பிரிவது. அதுவரை தண்ணீர்கூட கிடையாது, உதட்டை நனைக்க ஈரப் பஞ்சுதான். காலையில் சயாமா வந்து முதலில் கேட்பது வணக்கம் இல்லை.

“காத்து போச்சா?”

“இல்ல சயாமா.”

அவர் போனதும் பெரியசாமி அண்ணன் திரும்புவார். “ஊரு முழுக்க மைக்குல காத்து விட்ட ஆளு. இப்போ ஒரு துளிக் காத்துக்கு வழியில்ல பாரு.”

சிரித்தேன். தையல் பிடித்து இழுத்ததில் கண்ணீர் வந்தது. அவருக்கு அது தெரியும். இருந்தும் மறுநாளும் சொல்வார்.

கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து சந்தா இருந்தாள். துடைத்தாள், குழாயைப் பார்த்தாள், கை பிடித்து நடத்தினாள். காதர் பாய் பேட்டரியில் ஓடுகிற ஒரு குட்டி விசிறியைக் கொண்டுவந்து மாட்டினார். “குடைக்கம்பிய வளைச்சு ஸ்டாண்ட் பண்ணியிருக்கேன், உன் தலையில விழுந்தா கேஸ் போட்டுராதே” என்றார். எங்கள் மாடியில் இருக்கிற பெண்கள் முறை வைத்து சந்தாவுக்குச் சோறு அனுப்பினார்கள். எல்லாம் இருந்தது. சந்தா என்னிடம் பேசுவது மட்டும் குறைந்துபோயிருந்தது. நான் ஒரு வேடிக்கை சொன்னால் குழாயில் என்ன வடிகிறது என்று குனிந்து பார்ப்பாள். அவளிடம் என் சரக்கு விலைபோகாத முதல் வாரம் அது.

வாரத்தின் நடுவில் காய்ச்சல் திரும்பி வந்தது. விக்கல் வேறு. விக்கல் ஒவ்வொன்றும் தையலைப் பிடித்து இழுத்தது. மறுபடி ஸ்கேன். இடுப்புக்கூட்டுக்குள் ஒரு சீழ்க்கட்டி தேங்கியிருந்தது. சர்ஜன் கட்டில் ஓரத்தில் நின்று பேசினார். மருந்தை மாற்றிப் பார்ப்போம், ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் மறுபடி திறக்க வேண்டும் என்றார். இரண்டாவது முறை இந்த உடம்பு தாங்குமா என்று சந்தா கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நான் முழுசாகக் கேட்டேன். மைக் பிடிக்கிறவனுக்கு மௌனத்தின் நீளம் தெரியும்.

மாற்று மருந்து ஊரில் தட்டுப்பாடு. காதர் பாய் கடையைச் சாத்திவிட்டு மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார். கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மழையில் முழுக்க நனைந்து வந்தார். குடைக்கடைக்காரர் குடை இல்லாமல் வந்தது பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வரி ஒன்று இருந்தது. சொல்லத் தோன்றவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுய்யா, ஊரே பாக்குது,” என்றார். விடவில்லை, அவரும்.

வெள்ளி பொழுது சாய்ந்தது. ஷட்டர் பாதி இறங்கியது. மின்சாரம் போயிருந்ததால், இன்வர்ட்டரில் ஓடும் விசிறிக்காக எங்கள் கட்டில்களை முன்கூடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். அங்கேயே சனிக்கிழமையும் கிடந்தேன். உள்ளே இருந்து பார்த்தால் அந்த ஷட்டருக்குக் கீழே தெரு முழுக்கக் கால்கள்தான். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களின் கால், புத்த பிக்குகளின் வெறுங்கால், பர்தாவுக்குக் கீழே செருப்பு.

சயாமா மேசையருகே உட்கார்ந்திருந்தார். சீட்டு எழுதவில்லை, காசு வாங்கவில்லை. ஊசி போட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார்.

“உங்க நாள்ல இதெல்லாம் செய்யலாமா சயாமா?” என்று கேட்டேன்.

“உயிருக்கு ஆபத்துன்னா அந்த நாளோட சட்டம் எல்லாம் விலகிடும். விலகலாம்னு இல்ல, விலகியே ஆகணும். யோசிச்சிட்டு நிக்கறதுதான் பாவம்.” பிறகு ஷட்டரைக் காட்டினார். “இது எதுக்குத் தெரியுமா? எங்க தாத்தா சொல்வாரு. கப்பல்ல புதுசா வந்த எங்க ஆளுங்க பக்தியில சனிக்கிழமை நோவ மறைச்சிட்டு வீட்லயே கிடப்பாங்க. துணி விக்கிற ஒருத்தர் அப்படியே செத்துட்டாரு. அதுக்கப்புறம்தான் பெரியவங்க முடிவு பண்ணினாங்க. முழுசாத் திறந்தா சளிக்கும் சிரங்குக்கும் கூட்டம் வரும், நாளுக்கு மரியாதை இல்ல. முழுசா மூடினா ஆளு சாவான். பாதி. முடியாதவன் குனிஞ்சு வரட்டும்.”

“ஒரு போர்டு வைக்கலாமே.”

“வச்சோம். மூணு பாஷையில. வெத்தலைக் கடைக்காரன் கூரை ஒழுகுதுன்னு எடுத்துட்டுப் போயிட்டான். படிச்சவங்களும் ‘ஆமா, ஆனா சனிக்கிழமை திறக்க மாட்டாங்க’ன்னுதான் சொன்னாங்க.”

ஆக, கப்பலில் வந்த பக்தர்கள் செய்த அதே தப்பை, அவர்களுக்கு அடுப்பு மூட்டியவர்களின் பேரன் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

மத்தியானம் காய்ச்சல் ஏறி அரைமயக்கமாக இருந்தது. ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடிக் கால் எதிர்ப்பக்க நடைபாதையில் வந்து நின்றது. ரப்பர் செருப்பு, கெண்டைக்கால் வரை இறங்கிய லுங்கி. ஒரு கால் முன்னே வந்தது, பின்னே போனது. உடம்பின் பாரத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டு நின்ற விதம் எனக்குத் தெரிந்த விதம். வலியோடு நிற்கிறவன் அப்படித்தான் நிற்பான்.

“உள்ள வாங்க,” என்றேன். கோயில் மைதானத்தையே மைக் இல்லாமல் எழுப்புகிற தொண்டை. குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது. மறுபடி மூச்சை இழுத்துக் கத்தினேன். தையல் பிய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். பெரியசாமி அண்ணனும் பர்மியத்தில் சேர்ந்து கத்தினார். சந்தா எழுந்து ஓடி, குனிந்து வெளியே போனாள். செருப்புகள் திரும்பின. ஒரு லாரி வந்து மறைத்தது. அது போனபோது நடைபாதையில் யாரும் இல்லை. சந்தா தெருமுனை வரை போய்விட்டுத் தனியாக வந்தாள்.

மழையில் நனைந்த தலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஷட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்:

“நீங்களும் அப்படித்தான் நின்னீங்களா?”

“ஆமா.”

“அப்புறம் வந்து என்ன சிரிக்க வச்சீங்க. நானும் சிரிச்சேன் நொ.”

அவள் கோபம் என் மேல் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் தன் சிரிப்பை மன்னிக்க முடியாமல் அந்தப் பாயில் படுத்திருந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்த எல்லாப் பதிலும் வேடிக்கையாகவே இருந்தது. கையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

ஞாயிறு விடிகிறபோது போர்வை தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வை. சயாமா வந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார், உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். வடிகுழாயில் நிறைய வந்திருந்தது. கட்டி தானே வழி கண்டுபிடித்துவிட்டது என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, கூடத்தில் எல்லோரும் கேட்க, என் குடல் வேலைக்குத் திரும்பியது. அதே நொடியில் மின்சாரமும் வந்து, யாங்கூன் வழக்கப்படி தெரு முழுக்க ‘மீ லா ப்பீ’ என்று குரல் எழுந்தது. விளக்கு வந்ததற்குத்தான் என்றாலும் எனக்குக் கிடைத்த கைதட்டலாகவே எடுத்துக்கொண்டேன். பெரியசாமி அண்ணன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கினார்.

சர்ஜன் வந்து பார்த்துவிட்டு, திறக்க வேண்டாம் என்று சொல்லிப் போனார். சந்தா மூக்கைச் சிந்திக்கொண்டு முதல் கரண்டி அரிசிக்கஞ்சியை ஊதி ஊதி வாயில் விட்டாள். பிறகு குழாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் செருப்புக்காரர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. காதர் பாய் தெருவில் விசாரித்துப் பார்த்தார். அந்த வாரம் யார் வீட்டிலாவது சாவு விழுந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஷட்டரைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, “அடுத்த ஜோக் எடுத்து விடு” என்கிறார்கள். இத்தனை வருஷம் பொய் சொல்லியே சிரிக்க வைத்தவன் உண்மை சொன்னால் யாங்கூனில் விலை இல்லை. அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். எழுத்தில் என் குரல் கேட்காது, ஒருவேளை நம்புவார்கள். வெள்ளி சாயங்காலமோ சனிக்கிழமையோ வயிறோ நெஞ்சோ பிடித்துக்கொண்டால், யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். குனியுங்கள், உள்ளே ஆள் இருக்கிறது.

முந்தாநாள் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருந்தபோது அடிவயிற்றில் ஒரு குத்து. சந்தா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஒரு வரி வந்து நாக்கு நுனியில் உட்கார்ந்தது. நல்ல வரி. கல்யாண வீட்டில் சொன்னால் பந்தியே குலுங்கும். அதை விழுங்கினேன்.

“சந்தா, வலிக்குது.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வருகிறதா என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். என் செருப்பையும் எடுத்துவந்து காலடியில் போட்டாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கினோம்.

வெறும் வாயுதான். சயாமா வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, தையலையும் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நல்லது, வந்தீங்க” என்று மட்டும் சொன்னார்.